சான் ஸ்டார்ம்: விக்கவா, வச்சிருக்கவா?
பாளையங்கோட்டைல நம்ம வீட்டு ஷெட்ல நிக்க சான் ஸ்டார்ம் கார் பத்திதான் சொல்லுதேன், ரெண்டே சீட்டு, தொறந்து மூடுத கூரை, 1149 சிசி ரெனோ இன்ஜின், பாடி ஃபைபர்ங்கதால துரு பிடிக்காது. கொஞ்சந்தான் ஓடிருக்கு, கேட்டியளா, சிக்கலே அதுலதான். சும்மா நின்னா நம்ம ஊரு வெயிலுக்கு டயர் ஓரத்துல முடி மாதிரி கீறல் விழுது, ரப்பர் ஹோஸ் விறைச்சுப் போவுது, டேங்க்ல பெட்ரோல் கெட்டு வாடை அடிக்கு. 15 வருசம் தாண்டினா ஆர்சி புதுப்பிக்கணும், ஸ்பேருக்கு அலையணும், இதுக்கே பலபேரு வித்துருதாவ. ஆனா சாரல் சமயத்துல தென்காசி ரோட்டுல கூரைய தொறந்துட்டு போவும்போது மூஞ்சில தூத்தல் விழும் பாருங்க, அதுக்காவே நான் விக்கல. வாங்குததா இருந்தா கிலோமீட்டர மட்டும் பாக்காதீய, டயர் தயாரிச்ச வருசத்தயும் பாருங்க.