பச்சிளங்குழந்தை தடிப்பு கிரீம்: மூத்தவளுக்குப் பூசினேன், இளையவனுக்குப் பூசவில்லை

இந்த கிரீமுக்கு 5-க்கு 2 நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். இது மோசமான பொருள் என்று சொல்ல வரவில்லை. டப்பாவின் மேல் "பிறந்த குழந்தையின் முகத்திலும் உடம்பிலும் வரும் பருக்கள், சிவப்புத் தடிப்புகளுக்கு" என்று எழுதியிருக்கிறார்களே, அந்த வேலைக்கு இது தேவையே இல்லை. மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன், "மூன்றே நாளில் போய்விட்டது", "ஒரே வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது" என்று வரிசையாக 5 நட்சத்திரம். யாரும் பொய் எழுதவில்லை. என் மூத்த மகளுக்கும் பூசிய மூன்றாம் நாளே போனது, நானும் அன்றைக்கு 5 கொடுத்தவள்தான். இப்போது இளையவன் பிறந்து, அவனுக்கும் அதே தடிப்பு வந்து, எதுவும் பூசாமலே அதே கணக்கில் மறைந்த பிறகு அந்தப் பழைய விமர்சனத்தை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மூத்தவள் பிறந்த இரண்டாம் நாள் இரவு. சுற்றியிருந்த துணியைப் பிரித்தால் நெஞ்சிலும் தொடையிலும் கொசு கடித்த மாதிரி சிவப்புத் திட்டுகள், சிலவற்றின் நடுவில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு குட்டிக் கொப்புளம். சீழ் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். நான் சாப்பிட்டது ஏதாவது பாலில் போய்விட்டதா, துணி துவைத்த சோப்பா, யாராவது கை கழுவாமல் தூக்கினார்களா என்று இரவு முழுக்க மனதுக்குள் ஒவ்வொருவராகக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தேன், கடைசியில் என்னையே. விடிவதற்குள் கைப்பேசியில் இந்த கிரீமை ஆர்டர் செய்தாயிற்று. மறுநாள் வந்தது, வேளை தவறாமல் பூசினேன், ஆறாம் நாள் தோல் சுத்தமாகிவிட்டது. கிரீமைக் கும்பிடாத குறை.

இளையவனுக்கும் இரண்டாம் நாளே ஆரம்பித்தது. இந்த முறை குழந்தைகள் நல மருத்துவர் வழக்கமான பரிசோதனைக்கு வந்த நேரம் பார்த்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நேத்து எடுத்த போட்டோ இருக்காம்மா?" இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் நேற்று வயிற்றில் இருந்த திட்டு இன்றைக்கு அங்கே இல்லை, முதுகில் புதிதாக நாலு வந்திருக்கிறது. இப்படிச் சில மணி நேரத்திலேயே இடம் மாறுவதுதான் இதன் அடையாளம் என்றார். எரித்தீமா டாக்சிகம் என்று பெயர். டாக்சிகம் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஆனால் பெயரில்தான் நஞ்சு, உண்மையில் அப்படி எதுவும் கிடையாது. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வருகிறதாம், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குத்தான் குறைவு. அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பது கிருமியால் உண்டான சீழ் இல்லை, இயோசினோபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பொதுவாக வருவதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும்.

தானாகவே. இந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் மூத்தவள் விஷயத்தில் அந்த இரவு நான் தூங்கியிருப்பேன். இளையவனுக்கு ஏழாம் நாள் மறைந்தது. கிரீமோடு ஆறாம் நாள், கிரீம் இல்லாமல் ஏழாம் நாள். இரண்டு குழந்தைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வாரத்தில் தானே போகிற ஒன்றுக்கு எதைப் பூசினாலும் ஒரு வாரத்தில் போனதாகத்தான் தோன்றும் இல்லையா?

ஒரு விஷயம், கருமையான தோல் உள்ள குழந்தைகளுக்கு இந்தச் சிவப்பு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் உள்ள கொப்புளம்தான் முதலில் தெரியும், விரலால் மெதுவாகத் தடவினால் மேடு தட்டுப்படும். பகல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில், காலையும் மாலையும் படம் எடுத்து வையுங்கள். எந்த கிரீமையும் விட எனக்கு உதவியது அந்தப் படங்கள்தான்.

டப்பாவில் போட்டிருக்கும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூக்கிலும் கன்னத்திலும் மணல் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது மிலியா. தோலுக்கடியில் சிக்கிக்கொண்ட கெரட்டின் என்ற தோல் புரதம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுதான், பெரும்பாலும் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். தயவுசெய்து பிதுக்காதீர்கள். தோல் அடைபட்டுக் கிடப்பதால் மேலே பூசும் எதுவும் அதைத் தொடப்போவதில்லை. இன்னொன்று, பிறக்கும்போதே இருக்கும் கொப்புளங்கள், சுற்றிச் சிவப்பு இருக்காது, லேசாகத் துடைத்தாலே உடைந்து ஓரத்தில் மெல்லிய தோல் வளையம் விட்டு, அப்புறம் மச்சம் போலப் பழுப்புப் புள்ளியாகத் தங்கிவிடும். கருநிறத் தோல் உள்ள குழந்தைகளுக்கு இது கூடுதலாக வரும். பழுப்பு மறைய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கும் ஆகும், ஆனால் தழும்பு விழாது. பிறக்கும்போதே கொப்புளம் இருந்தால் மட்டும் நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது என் உண்மையான புகார். மூத்தவளுக்கு மூன்றாவது வாரம் கன்னத்திலும் நெற்றியிலும் பரு மாதிரி சிவந்து கிளம்பியது. பச்சிளங்குழந்தைப் பரு என்கிறார்கள், முதல் சில வாரங்களில் வந்து சில மாதங்களில் போய்விடும். எனக்குத்தான் கிரீம் மேல் நம்பிக்கை வந்துவிட்டதே, தடிமனாக அப்பினேன். முகம் எண்ணெய் வழிந்து பருக்கள் இன்னும் கூடின, கழுத்து மடிப்பில் வேர்க்குருவும் சேர்ந்துகொண்டது. வேர்க்குரு என்பது வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருவது, அதன் மேல் பசையாக ஒன்றைப் பூசினால் அடைப்பு கூடத்தானே செய்யும். பூசுவதை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தைத் துடைத்து, துணியின் அடுக்கைக் குறைத்த பிறகுதான் வேர்க்குரு அடங்கியது. பரு அதன் போக்கில் மெதுவாகப் போனது. இதில் வாசனைப் பொருளும் சேர்த்திருக்கிறார்கள், பிறந்து ஒரு வாரம் ஆன தோலுக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியது, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம், பூசுவது உள்ளே போகவும் செய்யும். இதனால்தான் வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துப் பூசுவது இதைவிடப் பெரிய தவறு. பவுடரும் வேண்டாம், அது மூச்சில் போகும்.

சரி, எல்லாமே தானாகப் போய்விடும் என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த கிரீமைப் பற்றிய என் பெரிய பயமே அதுதான், பூசிக்கொண்டே இரண்டு நாள் காத்திருக்க வைத்துவிடும். நீர் கோத்த சிறு கொப்புளங்கள் ஓரிடத்தில் கொத்தாக வந்தால் ஹெர்ப்பீஸ் வைரஸாக இருக்கலாம், பிறந்த குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். (உதட்டில் கொப்புளம் வந்திருக்கும் யாரையும் குழந்தைக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள், அவர்கள் மனம் நொந்தாலும் பரவாயில்லை.) தொடை இடுக்கு, அக்குள், கழுத்து மடிப்பில் பெரிய சீழ்க் கொப்புளங்கள் வந்து உடைந்து மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம், மருந்து வேண்டும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் வந்தாலும் உடனே ஓட வேண்டும். எந்தத் தடிப்பாக இருந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு வழக்கத்தைவிடச் சில்லிட்டிருந்தாலோ மருத்துவமனைதான். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால் தடிப்பே இல்லாவிட்டாலும் அப்படித்தான். என் மகன் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக இருந்த நாட்களிலும் வயிறு நிறையக் குடித்தான், நன்றாக அழுதான், நன்றாகத் தூங்கினான். மருத்துவர் தடிப்பைப் பார்த்ததைவிட அவனைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

அந்த 2 நட்சத்திரம் எதற்கு என்றால், இதில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. டயபர் ஈரத்தால் அடிப்பக்கம் சிவந்துபோகும்போது அதன் மேல் ஒரு அடுக்காகத் தடவினால் ஈரம் தோலில் படாமல் நிஜமாகவே காக்கிறது, இரண்டு பேருக்கும் அதில் பலன் கண்டேன். நன்றாக ஒட்டும், சீக்கிரம் துடைத்துக்கொண்டு போகாது, மூடியையும் ஒரு கையால் திறக்க முடிகிறது. கம்பெனி இதை டயபர் கிரீம் என்று மட்டும் விற்றால் நான் தாராளமாக 4 கொடுப்பேன். முகத்துக்கும் உடம்புக்கும் என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்தக் கொப்புளத்துக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று அச்சடிக்கட்டும். நடு ராத்திரியில் கைப்பேசி வெளிச்சத்தில் இந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிக்கப்போகிற அடுத்த அம்மாவுக்கு அதுதான் வேண்டும்.

என்னிடம் இன்னும் பாதி டப்பா மிச்சம் இருக்கிறது. டயபர் மாற்றும் பையில் கிடக்கிறது.