எந்த மட்டை என்று கேட்காத செயலி

சுங்கை சிப்புட்டில் செம்பனைச் சிறுதோட்டம் வைத்திருக்கும் நண்பர், நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் வேளாண் ஆலோசனைச் செயலியைத் தாமும் கைப்பேசியில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். ஒரே வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

அதன் குரல்செய்திகள் அருமையானவை. உரமிடும் பருவத்திலும் மட்டையைத் தின்னும் பைப்புழு பரவும் வேளையிலும் தெளிவான தமிழில் விவரம் சொல்கின்றன. பால்மரம் சீவிய காலத்தில் கங்காணி சொன்னதைத் தவிர வேறு விவரமே கிடைக்காத என் அப்பா, இன்று அவற்றைக் கேட்டுவிட்டு எந்த மாதம் உரம் வைப்பது என்று என்னோடு வாதாடுகிறார். இதற்காகவே அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

படத்தைப் பார்த்துக் குறை சொல்லும் பகுதிதான் பொறுக்க முடியாதது. மஞ்சள் பாய்ந்த மட்டையைப் படமெடுத்து அனுப்பினால், அது முதிர்ந்த மட்டையா இளமட்டையா என்றுகூடக் கேட்காமல், மெக்னீசியம் போதவில்லை, கீசரைட் என்னும் மெக்னீசிய உரம் போடுங்கள் என்று சொல்லிவிடுகிறது. உரத்தேவையை அறிய ஆய்வகத்துக்கு முழுதாய் விரிந்த இளமட்டையிலிருந்து கீழ்நோக்கி எண்ணி, 17ஆவது மட்டையின் கீற்றை வெட்டி அனுப்புகிறோம். மட்டையின் வயது அவ்வளவு முக்கியம். மெக்னீசியக் குறைவு முதிர்ந்த மட்டையில் தொடங்கும்; ஒரு கீற்றின்மேல் மற்றொன்று படிந்து நிழல் விழுந்த இடம் பச்சையாகவே இருக்க, வெயில் பட்ட பகுதி மட்டும் ஆரஞ்சு நிறமாகும். பொட்டாசியம் குறைந்தால் புள்ளி புள்ளியாக நிறம் மாறும். கீற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தப் புள்ளிகளில் ஒளி ஊடுருவும். கீற்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியும் இந்த வேறுபாடு ஒற்றைப் படத்தில் எப்படித் தெரியும்?

ஓடையோரத்து மரம் ஒன்றில் விரியாத குருத்துகள் பல சேர்ந்து நின்றன, அடிமட்டைகள் பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கின. அதற்கும் உரம்தான் போடச் சொன்னது செயலி. சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரி வந்து அடித்தண்டைத் தட்டிப் பார்த்தார், இந்த நிலத்தில் முன்பு என்ன பயிர் இருந்தது, தென்னையா, செம்பனையா என்று கேட்டார், அடித்தண்டை அழுகவைக்கும் கனோடெர்மா பூசண நோய் என்றார். அடித்தண்டில் காளான் வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும். வேரோடு வேர் தொட்டு அடுத்த மரத்துக்கும் அது பரவும். ஏறத்தாழ 25 ஆண்டு பலன் தர வேண்டிய மரம் அது.

2021, 2022 ஆண்டுகளில் உரவிலை ஏறியபோது பட்ட பாட்டை நம் சிறுதோட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேவையற்ற ஒரு மூட்டைகூட நமக்குச் சுமைதான். எந்த மட்டை, எந்த வயது மரம், முன்பு என்ன பயிர் என்ற மூன்று கேள்விகளைச் சேர்க்க எவ்வளவு வேலை ஆகிவிடும்? பலமுறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

குரல்செய்திகளுக்காக நான் அதை வைத்திருக்கிறேன். நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். மட்டை மஞ்சளித்தால், உரக்கடைக்குப் போவதற்கு முன் துனாஸ் அதிகாரியை அழைத்துத் தோட்டத்தைக் காட்டுங்கள்.