மூன்று வருடம், பதினான்கு டியூப், ஒரே ஹெட்ஃபோன் ஆம்ப்

இந்த டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஹெட்ஃபோனுக்கு ஒலியைப் பெருக்கும் பெட்டி) என் மேசைக்கு வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. ராத்திரி ஒன்றரை, இரண்டு மணி நேரம் தவறாமல் ஓடும். கணக்குப் போட்டால் 2000 மணி நேரம் பக்கம் வருகிறது. இதற்குள் பதினான்கு டியூப் வாங்கியிருக்கிறேன். ஒன்று என் கையாலேயே செத்தது, இரண்டு வந்தபோதே நோயாளி, ஆம்பில் இருக்கும் இரண்டு போக மற்றவை பஞ்சில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டிக்குள் தூங்குகின்றன. இன்றைக்குக் கேட்டால் மூன்றோடு நிறுத்தியிருப்பேன்.

முதலில் ஆம்பைப் பற்றி. இது ஓடிஎல் வகை, அதாவது வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. முன்னால் 6எஸ்என்7 என்ற டியூப் ஒன்று, பின்னால் 6ஏஎஸ்7 என்ற டியூப் ஒன்று. முன்னால் இருப்பது சிக்னலைப் பெரிதாக்கும். பின்னால் இருக்கும் குண்டு டியூப் அதை ஹெட்ஃபோனுக்குள் தள்ளும். இரண்டுமே இரட்டை டிரையோடு, அதாவது ஒரே குடுவைக்குள் இரண்டு டியூப், அதனால் ஒவ்வொரு கண்ணாடிக் குடுவைக்குள்ளும் பாதி இடது காதுக்கு, பாதி வலது காதுக்கு. டியூபில் ஒரு பாதி கிழடாகிவிட்டால் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஹெட்ஃபோன் சென்ஹைசர் எச்டி650, 300 ஓம். இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆம்போடு வந்த 6எஸ்என்7 சாதாரணப் புது டியூப். வாங்கிய முதல் மாதமே, "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 1950-களின் சில்வேனியா கம்பெனி டியூப் ஒன்றைப் போடு, வேறு ஆம்ப் போல ஆகிவிடும்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். போட்டேன். உண்மையாகவே வேறு ஆம்ப் போல இருந்தது. பின்னணியில் ஓயாமல் இருந்த மெல்லிய பொரபொரப்பு போய்விட்டது, வீணையில் கம்பியை விரல் விடும் இடம் துல்லியமாகக் கேட்டது. இரண்டு வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அப்புறம் ஒரு நாள் சும்மா, பழைய டியூபை மறுபடி மாட்டிப் பார்ப்போம் என்று எடுத்தேன். அதன் பின்களைப் பார்த்தால் பழுப்பு ஏறிப்போய் இருந்தது. கான்டாக்ட் கிளீனரில் துணியை நனைத்து எட்டுப் பின்னையும் பளபளவென்று தேய்த்தேன். சாக்கெட்டின் ஓட்டைகளைப் பல்லிடுக்கு பிரஷ் கொண்டு சுத்தம் செய்தேன். மாட்டினால் பொரபொரப்பு இல்லை! நான் சில்வேனியாவின் பெருமை என்று நினைத்ததில் பாதி, அதை மாட்டும்போது சாக்கெட்டின் துரு உரசிப் போனதுதான். மறுபாதி இருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

செத்துப்போன டியூபின் கதையையும் சொல்லிவிடுகிறேன், அது முழுக்க என் தவறு. இந்த எட்டுப் பின் டியூப்களில் கண்ணாடியைக் கீழே ஒரு பிளாஸ்டிக் அடித்தளத்தில் ஒட்டியிருப்பார்கள். எழுபது வருடப் பசை எந்த நிலையில் இருக்கும்? கழற்றும்போது அடித்தளத்தைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். நான் கண்ணாடியைப் பிடித்துத் திருகினேன். கண்ணாடி மட்டும் கால் சுற்று சுற்றியது. உள்ளே போகும் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன. வெளியே பார்த்தால் ஒரு கீறல் இல்லை, ஆனால் ஆள் காலி. இன்னொன்று, அடித்தளத்தின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வழிகாட்டிக் குச்சி. பழைய டியூப் வாங்கினால் அது உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடைந்திருந்தால் டியூபை எப்படித் திருப்பினாலும் சாக்கெட்டில் நுழையும், ஆனால் உயர் மின்னழுத்தம் போகக்கூடாத பின்னுக்குப் போகும். என்னிடம் அப்படி ஒன்று உண்டு. முதல் பின்னுக்கும் எட்டாவது பின்னுக்கும் நடுவில் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஆனாலும் அதை மாட்டவே பயம்.

கழற்றுவதற்கு முன் ஆம்பை அணைத்துக் கால் மணி நேரமாவது விட்டுவிடுங்கள். 6ஏஎஸ்7-இன் ஹீட்டர் (டியூபுக்குள் சூடேற்றும் இழை) மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட 16 வாட். விரல் பட்டால் கொப்புளம்தான். கெப்பாசிட்டர்களில் தங்கும் மின்சாரம் அதைவிட மோசம், அதனால் அடிமூடியைத் திறக்கும் வேலையே வேண்டாம்.

பழைய டியூப் வாங்கும்போது பெயரைப் பார்த்து மயங்காமல் இருக்கவும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ஒரு கம்பெனி செய்ததை இன்னொரு கம்பெனி தன் பெயர் அச்சிட்டு விற்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். அமெரிக்க டியூப்களில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும், உண்மையில் செய்தது யார் என்பதை அதுதான் சொல்லும். 274 என்றால் ஆர்சிஏ, 312 என்றால் சில்வேனியா, 322 என்றால் டங்-சோல், 188 என்றால் ஜெனரல் எலெக்ட்ரிக். யாருக்கும் தெரியாத பெயரோடு, கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டியூபில் 312 இருந்தது. உள்ளே பிளேட் என்ற உலோகத் தகட்டின் வடிவம், அதைத் தாங்கும் மைக்காவின் வெட்டு எல்லாம் என் சில்வேனியாவை அச்சு அசலாக ஒத்திருந்தன. இப்படி ஒன்று சிக்கும்போது வரும் சந்தோஷம் தனி. புதுத் தயாரிப்பிலும் இந்தக் குழப்பம் உண்டு. இன்று டங்-சோல் என்று வரும் புது 6எஸ்என்7, ரஷ்யாவின் சரடோவ் ஆலையில் செய்வது. நியூ ஜெர்சியில் இருந்த பழைய கம்பெனியோடு அதற்குப் பெயர் உறவு மட்டும்தான். டியூப் மட்டமானது என்று சொல்லவில்லை, ஒரு வருடம் ஓட்டினேன், நன்றாகவே இருந்தது.

ரஷ்ய எழுத்து இன்னொரு வேடிக்கை. 6ஏஎஸ்7-க்கு இணையான ரஷ்ய டியூபின் பெயர் 6என்13எஸ். ஆனால் ரஷ்ய எழுத்தில் 'என்' நம் கண்ணுக்கு 'ஹெச்' போலவும், 'எஸ்' என்பது 'சி' போலவும் இருக்கும். அதனால் பாதிப் பேர் அதை 6ஹெச்13சி என்றே விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து நான் இரண்டையும் வாங்கினேன். சரி, ஒரு உபரி கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் கொண்டாடும் டியூப் 5998. 6ஏஎஸ்7 இருக்கும் இடத்தில் இதை மாட்டலாம், ஹீட்டர் 2.4 ஆம்பியர்தான், பின்களும் பொருந்தும். விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது என் உடம்புக்கு நல்லது. மாட்டிய முதல் நிமிடமே அசந்துவிட்டேன். மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் விழுந்தது, குரல் முன்னால் வந்து நின்றது.

சில மாதம் கழித்துத்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டியபடியே வெளியீட்டை அளந்தேன். 6ஏஎஸ்7 போட்டு வால்யூம் குமிழை ஒரு இடத்தில் வைத்தால் அரை வோல்ட். குமிழைத் தொடாமல் 5998-க்கு மாற்றினால் 0.7 வோல்ட். அதாவது 3 டெசிபல் சத்தம் கூடுதல். கொஞ்சம் சத்தமாக இருப்பதைக் காது ஒருபோதும் "சத்தம்" என்று சொல்லாது. "தெளிவு", "ஆழம்", "உயிர்" என்றுதான் சொல்லும்.

காரணம் டியூபின் விவரத்தாளான டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. 6ஏஎஸ்7-இன் பெருக்க எண் (சிக்னலை எத்தனை மடங்காக்க முடியும் என்ற அளவு) 2, 5998-க்கு 5.5. இந்த டியூப்கள் இங்கே கேத்தோடு ஃபாலோயராக, அதாவது சிக்னலைப் பெரிதாக்காமல் ஹெட்ஃபோனைத் தள்ளும் வலு மட்டும் கொடுக்கும் விதத்தில், வேலை செய்கின்றன. பெருக்க எண்ணை, அதைவிட ஒன்று கூடுதலான எண்ணால் வகுத்தால் எவ்வளவு சிக்னல் வெளியே வரும் என்று தோராயமாகத் தெரியும். 6ஏஎஸ்7-இல் மூன்றில் இரண்டு பங்கு, 5998-இல் 85 சதவீதம். வெளியீட்டு மின்தடையும் மாறுகிறது. 6ஏஎஸ்7-க்கு சுமார் 93 ஓம், 5998-க்கு சுமார் 55. எச்டி650-இன் மின்தடை பெயருக்குத்தான் 300. அடித்தொனியில், 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, அது 500 பக்கம் ஏறிவிடும். ஆம்பின் மின்தடை கூடக்கூட அந்த இடத்தில் ஒலி லேசாகப் புடைக்கும். 93 ஓமில் ஒரு டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவு, 55-இல் அரை டெசிபல். டியூப் ஆம்பின் "கதகதப்பு" என்று நான் ஆராதித்ததில் ஒரு பங்கு இந்தப் புடைப்பு.

இதே கணக்கு 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். 93 ஓமும் 32 ஓமும் பங்கு போட்டால் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது கால்வாசி. தங்கை ஒருமுறை தன் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "என்ன அண்ணா, இவ்வளவு பெரிய பெட்டி, ஃபோனில் இதைவிட நன்றாகக் கேட்கிறதே" என்றாள். அவள் சொன்னது சரி. ஓடிஎல் ஆம்புக்கு எந்த டியூப் போட்டாலும் இந்தக் குறை தீராது. 300, 600 ஓம் ஹெட்ஃபோன் இல்லாதவர்கள் டியூப் தேடுவதை விட்டுவிட்டு ஆம்பை மாற்றுவதே மேல்.

டியூபை மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிடுவது எவ்வளவு நேர்மையானது என்ற சந்தேகமும் வந்தது. ஆற விட்டு, கழற்றி, மாட்டி, மறுபடி சூடேறி நிதானத்துக்கு வர முக்கால் மணி நேரம். அதுவரை முந்தைய ஒலி ஞாபகத்தில் இருக்காது, ஆசைதான் இருக்கும். அதனால் ஹெட்ஃபோனைச் சுமையாக வைத்தபடி ஆம்பின் வெளியீட்டை ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸில் பதிவு செய்தேன். சத்தத்தைக் கணினியில் சமப்படுத்தி, ஃபூபார்2000 என்ற மென்பொருளின் ஏபிஎக்ஸ் சோதனையில் (எது எது என்று தெரியாமல் கேட்டு அடையாளம் காணும் சோதனை) கண்ணை மூடிக் கேட்டேன். சமப்படுத்தாமல் கேட்டபோது 5998-ஐப் பத்துக்குப் பத்து கண்டுபிடித்தேன். சமப்படுத்திய பின் பதினாறில் பன்னிரண்டு, அதுவும் மிருதங்கத் துண்டில் மட்டும், ஒரு மணி நேரம் போராடி. சில்வேனியாவையும், சுத்தம் செய்த அந்தப் புது டியூபையும் வைத்துக் கேட்டபோது பதினாறில் ஒன்பது. நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வந்திருக்கும்.

அதற்காக எல்லா டியூபும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். நோயுள்ள டியூபுக்கும் நல்ல டியூபுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் கேட்கும். சென்ற வருடம் இடது காதில் 'உம்ம்' என்று ஒரு ஓசை ஆரம்பித்தது. இடது வலது உள்ளீட்டுக் கேபிளை மாற்றிச் செருகினேன், ஓசை இடதிலேயே இருந்தது, ஆகவே பாட்டு வரும் பக்கத்தில் பழுதில்லை. ஹெட்ஃபோனில் வந்து சேரும் இடது வலது கேபிளை மாற்றிச் செருகினேன், ஓசை வலது காதுக்குப் போனது, ஹெட்ஃபோனும் நிரபராதி. வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன், அப்போதும் குறையவில்லை. குமிழுக்குப் பின்னால் இருப்பது டியூப்கள்தானே. 6எஸ்என்7-ஐ மாற்றியதும் அமைதி. ஹீட்டரிலிருந்து அது சூடேற்றும் கேத்தோடுக்கு மின்சாரம் கசிகிற வியாதி அது, பழைய டியூப்களில் சகஜம். இன்னொரு டியூப், பென்சிலால் ஆம்பின் மேல்தகட்டைத் தட்டினால் 'ணிங்' என்று கோயில் மணி போலக் காதுக்குள் ஒலிக்கும். விற்றவர் அதைச் சொல்லவில்லை.

எனவே பழைய டியூப் கையில் கிடைத்தால் நான் பார்ப்பது இவ்வளவுதான். கண்ணாடியில் இருக்கும் வெள்ளிப்பூச்சு வெள்ளிபோல, அல்லது கறுப்பாக இருக்க வேண்டும். பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, மின்சாரமே கொடுக்காதீர்கள். மற்றபடி இரண்டு பாதிகளும் சோதனைக் கருவியில் என்ன காட்டின என்று கேட்பேன். தனித்தனி எண் சொல்லத் தெரியாதவரிடம் வாங்குவதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பின் பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகாதீர்கள். 6எஸ்என்7 இருக்கும் இடத்தில் 6பிஎல்7 கச்சிதமாக உட்காரும். ஆனால் முதலாவதன் ஹீட்டருக்கு 0.6 ஆம்பியர் போதும், இரண்டாவதற்கு 1.5 வேண்டும். அதைத் தாங்குமா என்று உங்கள் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் கேட்க வேண்டும், அது பதில் சொல்லும் விதம் நமக்குப் பிடிக்காது. 6எஸ்எல்7 அந்த விதத்தில் தொந்தரவில்லை, ஆனால் பெருக்க எண் 20 இருந்த இடத்தில் 70. குமிழை லேசாகத் தொட்டாலே அலறியது, ஒரே நாளில் கழற்றிவிட்டேன்.

இப்போது ஆம்பில் இருப்பது, 312 எண்ணோடு கிடைத்த அந்தப் பெயரில்லாத டியூபும், தவறுதலாக வாங்கிய இரண்டாவது 6என்13எஸ்ஸும். 5998 பெட்டிக்குள் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று மூன்று முறை எடுத்து வைத்தேன். மூன்று முறையும், கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்று மாட்டி, ஒரு வாரம் கழற்றவில்லை.