காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு: கொலு பொம்மை வாங்குற அனுபவமும் "இவ்ளோ விலையா"ங்கற கேள்வியும்

கொலு பொம்மை சேக்குறவங்களுக்கு புரட்டாசி வந்தாலே ரெண்டு கேள்வி நிச்சயம். "எங்க வாங்கினீங்க", அப்புறம் "எவ்ளோ ஆச்சு". முதல் கேள்விக்கு சந்தோஷமா பதில் சொல்லுவோம், ரெண்டாவது வந்தா நம்மள்ல நெறைய பேருக்கு குரல் எறங்கிடும். நான் கொஞ்ச வருஷமா பெரும்பாலும் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுல தான் வாங்குறேன், அந்த இடத்துக்கு ஒரு ரிவ்யூ போடணும்னு ரொம்ப நாளா ஆசை, ஆனா விலைய விட்டுட்டு அந்த தெருவ பத்தி பேச முடியாது, அதனால ரெண்டையும் சேத்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

இடம் சின்ன காஞ்சிபுரம், வரதராஜ பெருமாள் கோயில் பக்கம். ஏசி போட்ட ஷோரூம்னு நெனச்சு போகாதீங்க. வீடுதான் கடை, வீடுதான் பட்டறை. முன் ரூம்ல அடுக்கி வச்சிருப்பாங்க, பின்னாடி வேலை நடந்துட்டு இருக்கும், வெயில் அடிச்சா வாசல்லயும் மொட்டை மாடிலயும் இன்னும் கலர் அடிக்காத வெள்ளை பொம்மைங்க வரிசையா காஞ்சிட்டு இருக்கும். தலைமுறையா இதே தொழில் பண்ற குடும்பங்க, அதனால எந்த பொம்மைய கேட்டாலும் அது அப்பா காலத்து அச்சா இல்ல புதுசா பண்ணதான்னு சொல்லுவாங்க.

நான் எல்லாருக்கும் சொல்றது, வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னு வேலைய பாருங்க. காகிதக்கூழ் பொம்மைக்கு பேப்பர ஊற வச்சு அரைச்சு, அதுல சுண்ணாம்பு பவுடரும் மரவள்ளிக்கிழங்கு மாவு பசையும் கலந்து பெசஞ்சு, அச்சுல முன் பாதி தனியா பின் பாதி தனியா அமுக்கி எடுத்து ஒட்டுவாங்க. அப்புறம் காயணும். அடுப்புல வச்சு அவசரப்படுத்த முடியாது, வெயில்தான். காஞ்சதும் உப்புத்தாள் போட்டு தேச்சு, மேல வெள்ளை பூசி, திரும்ப காயவச்சு திரும்ப தேச்சு, அதுக்கப்புறம் தான் கலர் பக்கமே போவாங்க. ஒடம்பு கலர், புடவை கலர், பார்டர், நகை, எல்லாத்துக்கும் கடைசியா கண்ணு. கண்ணு வரையறத பெரும்பாலும் வீட்டுல ரொம்ப அனுபவம் உள்ளவங்க கையில தான் விடுறாங்க, அதுல ஒரு கோடு தப்பினா முகமே மாறிடும். மண் பொம்மைன்னா களிமண்ண பதப்படுத்தறது, சூளை, அதுல சில பொம்மை வெடிச்சு போறதுன்னு அது வேற கதை. நவராத்திரிக்கு விக்கறதுக்கு தை மாசி வெயில்லயே வேலைய ஆரம்பிச்சிடணும், ஆவணில மழை புடிச்சிக்கிட்டா காயாத பொம்மை எல்லாம் அப்படியே நிக்கும். போட்ட காசு திரும்ப வர்றதுக்கு அத்தன மாசம் ஆகுது, அந்த காத்திருப்பும் விலைக்குள்ள தான் இருக்கு.

விலை, நான் வாங்கின வரைக்கும், சின்ன தனி மண் பொம்மை 200, 300 ரூபாய்லயே கெடைக்கும். காகிதக்கூழ் செட்டுன்னா 1,500ல ஆரம்பிச்சு 5,000, 6,000 வரைக்கும் சாதாரணமா போகும். பெரிய சைஸ் தசாவதாரம், ஊர்வலம், கருட சேவை மாதிரி ஆள் நெறைய இருக்குற செட் 10,000த்த தாண்டும். வருஷா வருஷம் ஏறுது, பெயிண்ட் விலையும் கூலியும் ஏறும்போது இது மட்டும் எப்படி ஏறாம இருக்கும்.

இப்போ அந்த கேள்விக்கு வர்றேன். எனக்கு தெரிஞ்சவங்க சில பேர் 4,000 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்த செட்ட வீட்டுலயும் விருந்தாளிங்க கிட்டயும் 1,500னு சொல்லுவாங்க. சண்டை வேணாம்னு சொல்றாங்க, அவங்க நெலமை எனக்கு புரியுது. ஆனா அந்த பொய் நம்ம வீட்டோட நிக்காது. கேட்டவங்க அடுத்த வருஷம் அதே தெருவுக்கு போய் "1,500க்கு தர்றீங்கன்னு சொன்னாங்களே, எங்ககிட்ட மட்டும் ஏன் 4,000 சொல்றீங்க"ன்னு பண்றவங்க கிட்டயே சண்டைக்கு நிப்பாங்க. நான் அங்க இருக்கும்போதே ஒருத்தங்க இப்படி கேட்டாங்க, உள்ள உக்காந்து பார்டர் போட்டுட்டு இருந்த பாட்டி நிமிந்து கூட பாக்கல, அவங்களுக்கு அது பழகிப்போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன், யாரு கேட்டாலும் பில்லுல உள்ள விலைய தான் சொல்லணும்னு. பொம்மை மேல ஆசை இருக்குன்னா அத பண்றவங்க விலைய நாமளே கொறைச்சு பேசறது எப்படி சரியாகும்.

வீட்டுக்குள்ள கேக்குறவங்களுக்கு கேக்க உரிமை இருக்கு, அத நான் ஒத்துக்குறேன். எங்க வீட்டுல மாசா மாசம் ஒரு சின்ன தொகைய தனியா எடுத்து வச்சிடுவேன், புரட்டாசிக்கு அதுல எவ்ளோ சேந்திருக்கோ அவ்ளோதான் பொம்மைக்கு, அதுக்கு மேல ஒரு ரூபாய் கூட கிடையாது. ஒரு நோட்டுல வருஷம், பொம்மை, விலை, எங்க வாங்கினதுன்னு எழுதி வச்சிருக்கேன், அது பூஜை அலமாரிலயே தான் இருக்கு, யாரு வேணா எடுத்து பாக்கலாம். மொதல்ல அத்தை முணுமுணுத்தாங்க, நோட்ட பாத்ததுக்கு அப்புறம் அவங்களே "இந்த வருஷம் சேந்துச்சா"ன்னு விசாரிக்கிறாங்க.

வர்ற விருந்தாளிங்க கேக்குறதுல பாதி குத்தல் கிடையாது, அவங்களுக்கும் வாங்க ஆசை. அவங்க கிட்ட விலைய சொல்லி, மண்ணா கூழான்னு சொல்லி, கடை அடையாளமும் சொல்லி விட்ருவேன். "இந்த காசுக்கு தங்கம் வாங்கியிருக்கலாமே"ன்னு சொல்றவங்க கொஞ்சம் கஷ்டம். இங்க நெறைய பேர் "இதுவும் ஒரு முதலீடு தான்"னு சமாளிப்பாங்க, அத சொல்லாதீங்க, அது உண்மை இல்ல. பழைய கொலு பொம்மைய வித்தா போட்ட காசு வராது, அது எல்லாருக்கும் தெரியும். "இத விக்க போறதில்ல, எனக்கு இது வேணும், இதுக்குன்னு சேத்து வச்சு வாங்கினேன்"னு சொன்னா அதுக்கு மேல பேச்சு நீளறதில்ல.

ஒரே ஒருத்தர் கேட்டப்போ தான் எனக்கு வார்த்தை தொண்டையிலயே நின்னுச்சு, எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா. வளைகாப்பு செட்ட தொடச்சிட்டே "இது எவ்ளோம்மா"ன்னாங்க. அவங்க ஒரு மாச சம்பளத்துக்கு பக்கத்துல வரும் அது. ஆனா அவங்க கிட்ட மட்டும் கொறைச்சு சொன்னா அது அவங்கள கொறைச்சு நெனச்ச மாதிரி ஆயிடும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். அவங்க செட்ட திருப்பி பாத்துட்டு "எத்தன பேர் எத்தன நாள் ஒக்காந்து செஞ்சிருப்பாங்க"ன்னு கேட்டாங்க. இத்தன வருஷத்துல விலைய கேட்டவங்கள்ல வேலைய பத்தி திருப்பி கேட்டவங்க அவங்க ஒருத்தங்க தான்.

சரி, மறுபடியும் கடைக்கு. பொம்மைங்க தரம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரே அச்சு நாலு வீட்டுல இருக்கும் ஆனா முகம் ஒண்ணா இருக்காது, அதனால மொத வீட்டுலயே எடுத்துடாதீங்க, தெருவ ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. இப்போ சில இடத்துல பளீர்னு ரேடியம் மாதிரி பச்சை, ரோஸ் கலர் அடிக்கிறாங்க, எனக்கு அது புடிக்கல, பழைய அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சைல இருக்குற களை அதுல வர்றதில்ல. முன்கூட்டியே ஆர்டர் குடுத்தீங்கன்னா நாம சொல்ற கலர்ல பண்ணி தர்றாங்க. புது தீமும் சீக்கிரம் புடிச்சிடுவாங்க, 2019ல அத்தி வரதர் 40 வருஷத்துக்கு அப்புறம் வெளிய வந்து ஜூலை 1ல இருந்து ஒன்றரை மாசம் தரிசனம் கொடுத்தாரு இல்லையா, அந்த நவராத்திரிக்கே சயன கோலம், நின்ன கோலம் ரெண்டும் பொம்மையா கொலுவுக்கு வந்துடுச்சு.

சென்னைலயே வேணும்னா மயிலாப்பூர் வடக்கு மாட வீதி இருக்கு, மெட்ராஸ்காரங்களுக்கு அந்த கூட்டத்துல நடக்குறதே தனி சந்தோஷம், ஆனா விலை பேசி பேசியே நேரம் போயிடும். அண்ணா சாலை பூம்புகார்ல வருஷா வருஷம் கொலு பொம்மை கண்காட்சி போடுறாங்க, அங்க விலை ஒட்டியிருக்கும், பில் வரும், கொண்டபள்ளி மர பொம்மை, தஞ்சாவூர் தலையாட்டி மாதிரி மத்த ஊர் சரக்கும் ஒரே எடத்துல பாக்கலாம். பேரம் பேச கூச்சப்படுறவங்களுக்கு அது நல்ல இடம். காஞ்சிபுரத்துல பேரம் பேசலாம், ஆனா பாதிக்கு கேக்காதீங்க, ரெண்டு மூணு செட் சேத்து எடுத்தா அவங்களே கொறைச்சு தான் போடுவாங்க.

கொறைன்னு பாத்தா, தெரு குறுகல், கார் நிறுத்த கஷ்டம். பில்லு பல வீட்டுல கையால எழுதின துண்டு சீட்டு தான், அத பத்திரமா வாங்கி வச்சுக்கோங்க, வீட்டுல கேள்வி வரும்போது உதவும். ஆன்லைன்ல வாங்குறது எனக்கு ஒத்துவரல, வேற ஒரு எடத்துல ஆர்டர் பண்ணி கிருஷ்ணர் புல்லாங்குழலும் விரலும் தனித்தனியா வந்துச்சு. நேர்ல போனா வைக்கோலும் பேப்பரும் சுத்தி அவங்களே நல்லா கட்டி தர்றாங்க. வாங்கும்போது அடியில தட்டி பாருங்க, கூழ் பொம்மை கைல லேசா இருக்கும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கனமா இருக்கும், கீழ விழுந்தா தேறாது. கூழ்னு சொல்ற பொம்மை கனமா இருந்தா, கூழா பிளாஸ்டரான்னு நேராவே கேளுங்க, நேர்மையா சொல்லிடுவாங்க. கழுத்து, விரல், பீடம் ஒட்டின எடம் மூணையும் வெளிச்சத்துல பாத்துடுங்க.

மஹாளய அமாவாசைக்கு முந்தின வாரம் போகாதீங்க, நல்ல முகமெல்லாம் அதுக்குள்ள போயிடும். ஆடி கடைசிலயோ ஆவணிலயோ ஒரு வார நாள்ல காலைல போங்க, வேலையும் நடந்துட்டு இருக்கும், அவங்களுக்கும் பேச நேரம் இருக்கும். 5க்கு 4.5 குடுப்பேன், அந்த அரை பார்க்கிங்குக்கு.