ஆர்ட் காலேஜ் ஆஃபர் லெட்டர்: விலையைப் படிப்பதும் குறைத்துக் கேட்பதும்

அமெரிக்காவின் தனியார் கலைக் கல்லூரிகள் மார்ச் மாதத்தில் அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தின் முதல் வரியில் வாழ்த்து இருக்கும், அடுத்த வரியில் ஸ்காலர்ஷிப் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். நான்கு ஆண்டுக்குக் குடும்பத்தின் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது மட்டும் பெரும்பாலும் எங்கும் இருக்காது. கல்லூரிகள் தரும் சேவைகளிலேயே மிக மோசமாகச் செய்யப்படுவது இந்தக் கடிதம்தான். அதைத் திருத்திக் கேட்கும் அப்பீல் என்ற சேவையோ நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம்.

கடிதத்தைப் பற்றிய இந்தக் குறை மிகையல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 91 சதவீதக் கல்லூரிகள் உதவித்தொகை போக மிஞ்சும் நிகர விலையைச் சொல்வதே இல்லை அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்றது. கலைக் கல்லூரிகளில் இதன் பாதிப்பு அதிகம். அங்கே பட்டியல் விலையும் பெரியது, அதிலிருந்து தரும் தள்ளுபடியும் பெரியது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ட்யூஷன் 58,000 டாலர், கட்டணங்கள் 1,500, தங்குமிடமும் சாப்பாடும் 19,000, பெயின்ட், கேன்வாஸ், மென்பொருள் முதலான பொருட்கள் 3,000, பயணமும் கைச்செலவும் 3,000. மொத்தம் 84,500. கடிதத்தில் மெரிட் ஸ்காலர்ஷிப் 24,000, குடும்பத் தேவை பார்த்துக் கல்லூரி தரும் நீட் கிராண்ட் 8,000, மாணவர் பெயரில் ஃபெடரல் கடன் 5,500, வொர்க்-ஸ்டடி 2,500, பெற்றோர் பெயரில் வாங்கும் ஃபெடரல் கடனான பேரன்ட் ப்ளஸ் 20,000 என்று போட்டு, 'உங்கள் உதவித்தொகை 60,000' என்று கூட்டியிருப்பார்கள். இதில் திருப்பித் தர வேண்டாத பணம் 32,000 மட்டுமே. வொர்க்-ஸ்டடி என்பது வேலை கிடைத்து, மணிக்கணக்கில் உழைத்தால் கூலியாக வருவது. செமஸ்டர் பில்லில் அது கழியாது. ஆக, உண்மையான ஓராண்டு விலை 52,500.

அடுத்து வருவது இரண்டாம் ஆண்டு. மெரிட் தொகை பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கும் ஒரே எண்ணாக நிற்கும், ட்யூஷன் நிற்காது. ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 58,000 என்பது 60,320, 62,733, 65,242 என்று போகும். அந்த ஏற்றம் மட்டுமே நான்கு ஆண்டில் சுமார் 14,300 டாலர். எனவே மேலே சொன்ன ஆஃபரின் முழு விலை 2 லட்சத்து 24 ஆயிரம் டாலரைத் தாண்டும். இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது இந்த நான்காண்டு எண்ணைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 30,000 ஸ்காலர்ஷிப் தந்த கல்லூரி, 18,000 தந்த கல்லூரியைவிட விலை கூடுதலாக இருப்பது சாதாரணமாக நடக்கிறது.

கடன் பகுதிக்கும் இப்போது ஒரு கூரை வந்துவிட்டது. பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவர் ஃபெடரல் நேரடிக் கடனாக முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500 வாங்கலாம். நான்கு ஆண்டுக்கு 27,000. பேரன்ட் ப்ளஸ் கடனுக்கு முன்பு மொத்தச் செலவு வரை வாங்க இடம் இருந்தது. 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, ஆயுளுக்கு 65,000 என்பதே உச்சம். ஆண்டுக்கு இருபதாயிரம் எடுத்துக்கொண்டே போனால் நான்காம் ஆண்டில் 5,000-தான் மிச்சம். தீசிஸ் கண்காட்சி வைக்க வேண்டிய ஆண்டில் பணம் நின்றுபோவதைவிடக் கொடுமை இந்தத் துறையில் வேறில்லை. முதல் ஆண்டைக் கட்ட முடிகிறதா என்று மட்டும் பார்த்துச் சேர்வது இனி ஆபத்து.

விண்ணப்பக் கருவிகளில், ஃபெடரல் உதவிக்கான படிவமான ஃபாஃப்சா இலவசம், இப்போது முன்பைவிடச் சுருக்கம். வருமான விவரத்தை வரித்துறையிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு எவர் பெயரில் இருக்கிறது என்பது முக்கியம்: பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைக் கணக்கில் எடுக்கும் சூத்திரம், பிள்ளை பெயரில் உள்ள பணத்தில் 20 சதவீதத்தை எடுக்கிறது. குடியிருக்கும் வீட்டைக் கேட்காது. ஆனால் ஊரில் வாங்கிப் போட்ட ஃப்ளாட்டும் மனையும் வேறு நாட்டில் இருப்பதால் விலக்கு பெறுவதில்லை. அவற்றின் நிகர மதிப்பைக் காட்டியாக வேண்டும். கிரீன் கார்டு உள்ள பிள்ளைக்கு ஃபெடரல் உதவி உண்டு, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குக் கிடையாது. எச்-4 பிள்ளைகளுக்குக் கல்லூரி தன் கையிலிருந்து தரும் மெரிட் தொகையே பிரதானம் என்பதால், கல்லூரிப் பட்டியல் போடும்போதே மெரிட் தாராளமாகத் தரும் இடங்களைத் தேட வேண்டும்.

ரிஸ்டி என்று எல்லோரும் சொல்லும் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் போன்ற சில இடங்கள் ஃபாஃப்சாவோடு சி.எஸ்.எஸ். ப்ரொஃபைலையும் கேட்கும். இது நீண்ட படிவம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. குடும்ப வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வீட்டின் மதிப்பையும் கேட்டு விடுகிறது. ஆனால் ஒரு நல்ல அம்சம்: சிறப்புச் சூழ்நிலைகளை எழுத இடம் தருகிறது. ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது ஃபாஃப்சாவின் கண்ணுக்கே தெரியாது. இங்கே எழுதி, வங்கிப் பரிமாற்ற ரசீதுகளைத் தனியே கொடுக்கலாம். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருப்பதை 2024-25 முதல் ஃபாஃப்சா சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. அதையும் கல்லூரிக்குச் சொல்லித்தான் தெரியவைக்க வேண்டும்.

நிகர விலையை முன்கூட்டியே மதிப்பிட்டுக் காட்டும், கல்லூரி வலைத்தளங்களில் உள்ள நெட் ப்ரைஸ் கால்குலேட்டரை 2011 முதல் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. கலைக் கல்லூரிக்கு அது அரைகுறைக் கருவி. மெரிட் தொகையைத் தீர்மானிப்பதில் போர்ட்ஃபோலியோவுக்குப் பெரும் பங்கு உண்டு, கால்குலேட்டருக்கு ஓவியம் பார்க்கத் தெரியாது. தோராயத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இனி அப்பீல். இதற்கு இரண்டு கதவுகள் உண்டு. மாற்றித் தட்டினால் திறக்காது. மெரிட் தொகையைக் கூட்டிக் கேட்பது பொதுவாக அட்மிஷன்ஸ் அலுவலகத்தின் வேலை. குடும்பத்தின் வருமானச் சூழ்நிலை மாறியதைச் சொல்வது நிதியுதவி அலுவலகத்தின் வேலை. எந்தக் கல்லூரியில் எதை யார் பார்க்கிறார்கள் என்று முதலில் ஒரு மின்னஞ்சலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மெரிட் அப்பீலை மாணவரே எழுத வேண்டும். அங்கே பேசுவது அவர் வேலைத்திறன். விண்ணப்பித்த பிறகு செய்த நான்கைந்து நல்ல படைப்புகள், புதிய மதிப்பெண் பட்டியல், பள்ளி மாணவர்களுக்கான ஸ்கொலாஸ்டிக் ஆர்ட் விருது போல ஏதாவது வந்திருந்தால் அது, போட்டிக் கல்லூரியின் ஆஃபர் கடிதத்தின் முழுப் பிரதி. போட்டிக் கல்லூரி அதே தரத்தில், அதே துறையில் இருந்தால்தான் எடை. பால்டிமோரின் மைகா, ப்ரூக்ளினின் ப்ராட், சிகாகோவின் ஸ்கூல் ஆஃப் தி ஆர்ட் இன்ஸ்டிட்யூட் ஆகிய மூன்று கலைக் கல்லூரிகளும் ஒரே மாணவர்களுக்காகப் போட்டியிடுபவை. ஒன்றின் கடிதம் மற்றொன்றின் மேசையில் பேசும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் குறைந்த கட்டணத்தைக் காட்டினால், அது வேறு வகைப் படிப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். உதவியைப் பெரும்பாலும் குடும்பத் தேவை பார்த்தே தரும் ரிஸ்டியிடம் மெரிட் பேரம் பேசுவது வீண். அங்கே தேவைக்கான கதவு ஒன்றே வழி.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கல்லூரிதான் முதல் தேர்வு என்றால் அதை முதலில் சொல்லுங்கள், பொய்யாகச் சொல்லாதீர்கள். பிறகு ஒரு எண்: 'ஆண்டுக்கு இன்னும் 8,000 டாலர் கிடைத்தால் உடனே டெபாசிட் கட்டி இடத்தை உறுதிசெய்துவிடுவோம்.' கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று எழுதினால், நாம் நன்றி சொல்லி ஏற்கும்படி ஆயிரமோ இரண்டாயிரமோ தந்து முடித்துவிடுவார்கள். எண் இருந்தால் அதை வைத்து உள்ளே ஒருவர் நமக்காகப் பேச முடியும். பேரம், மேட்ச் (போட்டிக் கல்லூரி தந்த அதே தொகையைத் தருவது) போன்ற சொற்களைத் தவிர்த்து, மறுபரிசீலனை என்று கேட்பதே அங்கு வழக்கம். போட்டிக் கடிதத்தில் எண்ணைத் திருத்தி அனுப்புவது சேர்க்கையையே ரத்து செய்யும் குற்றம்.

தேவைக்கான அப்பீலைப் பெற்றோர் எழுதலாம். இதற்குச் சட்டத்தில் 'புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்' என்ற அதிகாரம் நிதியுதவி அலுவலருக்கு இருக்கிறது. வேலை இழப்பு, காப்பீடு கட்டாத மருத்துவச் செலவு, ஒரே ஒரு முறை வந்த பெரிய வருமானம் ஆகியவற்றை ஆவணம் பார்த்து அவர் சரிசெய்யலாம். ஃபாஃப்சா இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்க்கிறது. அந்த ஆண்டில் கம்பெனிப் பங்குகள் கைக்கு வந்து வருமானம் ஊதியிருந்து, இப்போது லே-ஆஃப் ஆகியிருந்தால், கணக்கு உங்களைப் பணக்காரர் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, செவரன்ஸ் (பணிநீக்கத்தின்போது தரும் தொகை) விவரம், இந்த ஆண்டுக்கான வருமான மதிப்பீடு, நான்கையும் சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். அலுவலரின் முடிவே இறுதி, கல்வித்துறையிடம் மேல்முறையீடு கிடையாது. எனவே முதல் முறையே முழுமையாக அனுப்புவது அவசியம். ஒரு எச்சரிக்கை: லேப்டாப்புக்காகவோ பொருட்களுக்காகவோ 'செலவு மதிப்பீட்டைக் கூட்டுங்கள்' என்று கேட்டால், பெரும்பாலும் கூடுவது கடன் வாங்கும் எல்லை. கிராண்ட் கூடுவது அரிது.

காலம் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை. மே 1 டெபாசிட் நாள். ஏப்ரல் 28 அன்று அனுப்பும் அப்பீலுக்குப் பதில் வரும் முன் நாள் முடிந்துவிடும். தாமதமானால் டெபாசிட் நாளைத் தள்ளிவைக்க எழுத்தில் கேளுங்கள். வேறு கல்லூரிக்கு டெபாசிட் கட்டியவரை மேலும் சலுகை காட்டி அழைக்கக் கூடாது என்ற விதியை சேர்க்கை அலுவலர்களின் சங்கம் 2019-இல் நீக்கிவிட்டது. அதனால் மே மாதத்திலும் திடீரெனக் கூடுதல் தொகை வரலாம், ஆனால் அதை எண்ணிக் காத்திருக்க முடியாது. இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தவர்களுக்கு ஒப்பிட வேறு கடிதமே கையில் இருக்காது. உதவி முக்கியம் என்றால் அந்த வழி வேண்டாம்.

விலையை எவ்வளவு குறைத்தாலும் கல்லூரி நிற்குமா என்ற கேள்வி தனி. 1871-இல் தொடங்கிய சான் ஃப்ரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 2022-இல் வகுப்புகளை நிறுத்தியது. ஃபிலடெல்ஃபியாவின் யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் 2024 மே 31 அன்று அறிவித்து ஜூன் 7 அன்று மூடியது. டெபாசிட் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு ஒரே வாரம். மிகத் தாராளமான தள்ளுபடி, மாணவர் வராத கல்லூரியின் அறிகுறியாகவும் இருக்கலாம். கல்வித்துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் மைனஸ் 1 முதல் 3 வரை ஒரு நிதிநிலை மதிப்பெண் தருகிறது. 1.5-க்குக் கீழே இருந்தால் காரணம் கேளுங்கள். லாபநோக்கற்ற கல்லூரிகளின் 990 வரிப் படிவம் பொதுவில் கிடைக்கும். மூன்று ஆண்டு தொடர்ந்து செலவு வரவைத் தாண்டுகிறதா, சேர்க்கை எண்ணிக்கை சரிகிறதா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மூடினால் ஃபெடரல் கடனைத் தள்ளுபடி செய்ய வழி உண்டு, தனியார் வங்கிக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அரசுக் கல்லூரியை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். பாஸ்டனின் மாஸ்ஆர்ட் 1873-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி. மாசசூசெட்ஸ்வாசிகளுக்கு அதன் கட்டணம் தனியார் கல்லூரிகளின் பக்கத்திலேயே வராது. தனியாரிலும், நியூயார்க்கின் கூப்பர் யூனியன் இளநிலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் பாதி ட்யூஷனைத் தருகிறது, ஆனால் சேர்வது கடினம். பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட் பெற உதவும் ஏ.பி. பாடங்களை வைத்து மூன்று ஆண்டில் முடித்துச் செலவைக் குறைக்கலாம் என்ற கணக்கு, நுண்கலை இளநிலையான பி.எஃப்.ஏ. பட்டத்தில் பலிப்பது அரிது. பட்டத்தின் பெரும்பகுதி ஸ்டூடியோ வகுப்புகள், அவை ஃபவுண்டேஷன் எனும் முதல் ஆண்டில் தொடங்கி வரிசையாகத்தான் நகரும்.

அப்பீலில் தொகை கூடிவிட்டது என்று தொலைபேசியில் சொன்னால் அதோடு விடாதீர்கள். கூடுதல் பணம் முதல் ஆண்டுக்கு மட்டுமா, நான்கு ஆண்டுக்குமா? தொடர்ந்து பெற எவ்வளவு ஜி.பி.ஏ. வேண்டும்? மேலே சொன்ன சிகாகோ கல்லூரி, கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் போல ஏ, பி, சி என்ற வழக்கமான கிரேடு இல்லாத இடத்தில் அந்த நிபந்தனை எப்படி அளக்கப்படும்? ஒரு செமஸ்டர் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் தொகை நிற்குமா? வெளியிலிருந்து வரும் ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரி கிராண்டில் கழிப்பார்களா, கடனில் கழிப்பார்களா? எல்லாவற்றுக்கும் பதில் உள்ள திருத்திய ஆஃபர் கடிதம் மாணவர் போர்ட்டலில் ஏறிய பிறகு டெபாசிட் கட்டுங்கள்.