பிரான்சில் கேம்பர்வேன் வாடகைக்கு எடுப்போர் கவனத்திற்கு: கூரையை வைத்து நடந்த மோசடி

பிரான்சின் தென்மேற்கில், தோர்தோஞ், வெசேர் ஆறுகளின் கரையோரமுள்ள குகை ஓவியங்களையும் கோட்டைகளையும் கேம்பர்வேனில் (உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள வேன்) சென்று பார்க்கத் திட்டமிடுவோர், வண்டியை வாடகைக்கு எடுக்கும் இடத்தில் எங்களுக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பாரிஸ் புறநகரிலுள்ள ஒரு வாடகை நிறுவனம், வண்டி எங்கள் கைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே கூரையில் இருந்த ஒரு விரிசலைக் காட்டி, எங்கள் பிணைத்தொகையான 2,000 யூரோவையும் முழுவதுமாக எடுத்துக்கொண்டது.

நாங்கள் முன்பதிவு செய்தது 2.6 மீட்டர் உயர வேன். கொடுக்கப்பட்டதோ, ஓட்டுநர் இருக்கைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும், 3 மீட்டரையும் தாண்டிய பெரிய வண்டி. ஒப்பந்தத்தில் ‘அதே வகை அல்லது அதற்கு இணையானது’ என்று ஒரு வரி இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பேச்சை முடித்துவிட்டார்கள். பிரான்சின் சுங்கச் சாலைகளில் 2 மீட்டருக்கு மேல் 3 மீட்டருக்குள் இருக்கும் வண்டி இரண்டாம் வகுப்பு. 3 மீட்டரை எட்டிவிட்டால் மூன்றாம் வகுப்பு, கட்டணமும் கூடுதல். ஏ20 நெடுஞ்சாலை வியர்சோனிலிருந்து பிரீவ் வரை கட்டணமில்லாதது என்பதால் அந்தச் சுமை ஓரளவு குறைந்தது. இணையத்தில் வாங்கும் பொருளை 14 நாட்களுக்குள் வேண்டாமென்று சொல்லும் உரிமை, குறிப்பிட்ட தேதிகளுக்கான வாகன வாடகைக்குப் பொருந்தாது. நுழைவுச்சீட்டுகளும் தங்குமிடங்களும் பதிவாகிவிட்ட நிலையில் அவர்கள் கொடுத்ததை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வண்டியின் நிலையைக் குறிக்கும் படிவத்தில் நான்கு பக்கங்களின் படம் மட்டுமே இருந்தது. கூரைக்குப் படமே இல்லை. ஏணி கேட்டோம். ஏணி இல்லை, கூரையைக் காட்டுவது வழக்கமும் இல்லை, அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்றார் அந்த ஊழியர். கையெழுத்துக்கு மேலே, ‘கூரை எங்களுக்குக் காட்டப்படவில்லை’ என்று என் மனைவி பிரெஞ்சில் எழுதிய பிறகே கையொப்பமிட்டோம். அதே மேசையில், எல்லாச் சேதமும் அடங்கும் என்ற உறுதியுடன் நாள் கணக்கில் கூடுதல் காப்பீடு ஒன்றையும் விற்றார்கள். வண்டியின் மேற்பகுதி, அடிப்பகுதி, டயர்கள் ஆகியவை அதில் அடங்காது என்பது பொது நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நின்றுகொண்டே படிக்கக்கூடிய அளவிலான எழுத்து அல்ல அது.

வழியில், 1944 ஜூன் 10 அன்று நாஜிப் படையினர் 643 பேரைக் கொன்று எரித்த ஓரதூர்-சுயிர்-கிளான் கிராமத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, லெசேசிக்கு அருகில் ஒரு முகாம் திடலில் தங்கினோம். இரவு மழையில், படுக்கைக்கு மேலிருந்த கூரைச் சாளரத்தின் மூலையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. விடிந்ததும் திடலின் உரிமையாளர் தம் ஏணியைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே ஏறிப் பார்த்தால், சாளரச் சட்டத்தின் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்திற்கு விரிசல். அதன்மீது ஒட்டியிருந்த வெள்ளி நிற நாடா ஓரங்களில் சுருண்டு கிளம்பியிருந்தது. நாடாவுக்கு அடியில் சாம்பல் நிறப் பசை காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பினுள் பச்சைப் பாசி. அந்தப் பாசி ஓரிரு நாளில் படர்ந்ததாக இருக்க முடியாது. படங்கள் எடுத்து, உரிமையாளரிடம் தேதியிட்ட ஒரு குறிப்பும் எழுதி வாங்கி, அன்று காலையே நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பினோம்.

வண்டியை நகர்த்த வேண்டாம், ஆள் வருவார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். மாலைவரை எவரும் வரவில்லை. அன்றைக்குத்தான் ஃபோன்-து-கோம் குகைக்கு எங்களிடம் நேரம் குறித்த சீட்டு இருந்தது. இப்பகுதியின் மற்றொரு ஓவியக் குகையான லாஸ்கோ 1963இலேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. மோந்தின்யாக்கில் இன்று நாம் பார்ப்பது 2016இல் திறக்கப்பட்ட நகல். ஃபோன்-து-கோமிலோ, 1901இல் அடையாளம் காணப்பட்ட பல வண்ணக் காட்டெருமைகளை அவை தீட்டப்பட்ட பாறையிலேயே பார்க்கலாம். பாறையைக் காப்பதற்காக நாளொன்றுக்குச் சிலரையே உள்ளே விடுகிறார்கள். மறுநாளுக்கும் அதற்கு அடுத்த நாட்களுக்கும் இடமில்லை. பிடித்தம் செய்த பணத்தைவிட இந்த இழப்புதான் எனக்குப் பெரிது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டுப் போரில் தோர்தோஞ் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிராக நின்ற பேனாக், காஸ்தெல்நோ கோட்டைகளையும், 1284இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்காக நிறுவப்பட்ட மோன்பாசியே நகரையும் பிறகு பார்த்தோம். மழை வந்த இரவுகளில் படுக்கைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு படுத்தோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, இல்லையென்று சொல்லப்பட்ட ஏணி அலுவலகத்தின் பின்சுவரில் சாய்ந்திருந்தது. வேறொரு ஊழியர் அதை எடுத்துவந்து, எங்கும் தேடாமல் நேராக அந்த மூலைக்கே சென்று, மரக்கிளை உரசியதால் ஏற்பட்ட புதிய சேதம் என்று எழுதினார். எங்கள் மின்னஞ்சலையும் படங்களையும் படிவத்தில் இருந்த என் மனைவியின் வரியையும் காட்டியும் பயனில்லை. பழுதுபார்த்ததற்கான ரசீது கேட்டோம். அவர்களே தட்டச்சு செய்த மதிப்பீடு ஒன்றுதான் வந்தது. விரிசலைச் சரிசெய்யாமலேயே இதற்கு முன் வந்தவர்களிடமும் இதே தொகையைப் பிடித்திருப்பார்களோ என்ற ஐயம் எனக்கு வலுவாக இருக்கிறது.

ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் நிறுவனத்திற்கு முறையீடு அனுப்பினோம். நுகர்வோருக்குச் சேவை வழங்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு நுகர்வோர் மத்தியஸ்தரைக் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். எழுத்துமூல முறையீடு செய்து ஓராண்டுக்குள் அவரை அணுகலாம். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. பிற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்போருக்கு அந்தந்த நாட்டின் ஐரோப்பிய நுகர்வோர் மையம் உதவும். 5,000 யூரோ வரையிலான வழக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்லும் முன் சமரசத்திற்கு முயன்றிருக்க வேண்டும் என்பதால், இந்தப் படிகளைத் தாண்டிச் செல்ல முடியாது. எங்கள் கோப்பு இப்போது மத்தியஸ்தரிடம் இருக்கிறது.

வண்டியை எடுக்கப்போகிறவர்கள், பிணைத்தொகை அட்டையில் முடக்கி மட்டும் வைக்கப்படுமா, உண்மையிலேயே எடுக்கப்படுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏணி இல்லை என்றால், கைப்பேசியை நீண்ட செல்ஃபி குச்சியில் பொருத்திக் கூரை முழுவதையும் காணொளியாக எடுத்து, அதை அங்கு நின்றபடியே நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுச் சாவியை வாங்குங்கள்.