கொக்கி அருமை, பட்டைதான் தலைவலி: மணிக்கட்டு ரிலீஸ் பயன்பாட்டு அனுபவம்

விரலுக்குப் பதில் வில்லின் நாணைப் பிடித்து இழுத்து, ட்ரிகரை அழுத்தியதும் விட்டுவிடும் கருவிதான் ரிலீஸ். மணிக்கட்டில் கட்டும் இந்த ரிலீஸின் விலை இறங்கியதிலிருந்து, புதிதாகக் காம்பவுண்ட் வில் (முனைகளில் கேம் என்ற சக்கரங்கள் உள்ள வில்) வாங்கியவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வாங்கலாமா?" ஆள்காட்டி விரலால் ட்ரிகர் இழுக்கும் வகை, திறந்த கொக்கி, வெல்க்ரோ பட்டை. மற்ற விவரம் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. நெடுநாள் பயன்படுத்தினால் மட்டும் தெரியும் விஷயங்களை இங்கே சொல்கிறேன்.

முதலில் கொக்கி. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தாடை வகை ரிலீஸ் பலவற்றில் ட்ரிகரை அழுத்தித் தாடையைத் திறக்க வேண்டும், நாணில் கட்டிய சின்னக் கயிற்று வளையமான டி-லூப்பைக் கவ்வ வேண்டும், பிறகு தாடை முழுதாக மூடியதா என்று குனிந்து பார்க்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான். லூப் கயிறு தாடையின் நுனியில் பாதிதான் மாட்டியிருக்கும். பாதி இழுப்பில் அது நழுவினால் முஷ்டி முகத்தில் வந்து மோதும், அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. திறந்த கொக்கியில் அந்தச் சிக்கல் இல்லை. வாய் எப்போதும் திறந்தே இருக்கிறது. லூப்பில் நுழைத்துப் பின்னால் இழுத்தால் உட்கார்ந்துவிடும். கண் இலக்கில் இருக்கும்போதே விரலால் தடவி மாட்டிவிடலாம்.

மாட்டும் வரிசையை மாற்றக் கூடாது. அம்பு முதலில், ரிலீஸ் அடுத்து. அம்பின் பின்முனையை லூப்பின் இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவே, 'டிக்' என்று கேட்கும்வரை நாணில் அழுத்துங்கள். அம்பு இலக்கைப் பார்த்தபடி, அதைத் தாங்கும் ரெஸ்ட்டில் உட்காரட்டும். பிறகு ஆள்காட்டி விரலை ட்ரிகருக்குப் பின்புறம் கொண்டுபோய்விட்டு, கொக்கியை லூப்பின் நட்டநடுவில் மாட்டுங்கள். முடிச்சின் மேல் ஏறி உட்கார்ந்தால் நாண் கோணலாக இழுபடும், நாணில் உள்ள பார்வைத் துளையான பீப்பும் திரும்பிப் போகும். மாட்டியதும் நாணை ஓர் அங்குலம் மட்டும் இழுத்துப் பிடிப்பைச் சோதித்துவிட்டு, அப்புறம்தான் முழு இழுப்பு. ஆங்கரில், அதாவது முழு இழுப்பில் முகத்தில் பதியும் இடத்தில், கை உட்கார்ந்து, பீப் வழியே சைட் (வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவி) தெரியும்வரை விரல் ட்ரிகருக்குப் பின்னாலேயே இருக்கட்டும். அம்பு இல்லாமல் ரிலீஸை விட்டுப் பார்க்கவே கூடாது. அம்பு சுமந்து போக வேண்டிய விசை முழுவதும் வில்லின் வளையும் பகுதியான லிம்பிலும் கேமிலும் திரும்பி இறங்கும். நாண் கேமிலிருந்து கழன்று லிம்பும் விரிசல் விடலாம். பழக வேண்டுமென்றால், இழுப்பு நீளத்துக்கு ஒரு கயிற்றை வளையமாகக் கட்டி, இடது முஷ்டியில் பிடித்து, அதில் கொக்கியை மாட்டிப் பழகுங்கள்.

லூப் இல்லாமல் நேரே நாணில் கொக்கியை மாட்டுவதும் உண்டு. வேண்டாம். நாணைச் சுற்றியிருக்கும் சர்விங் நூல் சீக்கிரம் பிரிந்துவிடும், அம்புக்குக் கீழிருந்து மட்டும் இழுப்பதால் அம்பின் பின்முனை மேலே தள்ளப்படும். லூப்புக்கு 2 மி.மீ. அளவு தடிமனுள்ள லூப் கயிறு 11 முதல் 12 செ.மீ. போதும். இரு முனையையும் லைட்டரால் உருக்கிக் குமிழாக்குங்கள். முடிச்சுகளின் தலை ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் வர வேண்டும், ஒரே பக்கம் வந்தால் லூப் சுழலும். இடுக்கியை லூப்புக்குள் நுழைத்து விரித்து முடிச்சை நன்றாக இறுக்குங்கள். முடிச்சுகளுக்கும் அம்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி அவசியம். முழு இழுப்பில் நாண் கூர்கோணமாக மடங்கும்போது இடைவெளி இல்லாவிட்டால் முடிச்சுகள் அம்பை நசுக்கும், அம்பு ரெஸ்ட்டை விட்டு எழும்பும். கொக்கி உரசும் இடத்தில் கயிறு பிசிறு தட்டினால் கவனியுங்கள், உள் இழை தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

இனி பட்டை. கோபம் முழுவதும் இதன் மேல்தான்.

பட்டை உட்கார வேண்டிய இடம், உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு ஒடுங்கும் இடம். இழுவிசையைச் சுமக்க வேண்டியதும் அந்தப் பட்டைதான், விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். 40 பவுண்டு வில், 75 சதவீத லெட்-ஆஃப் (முழு இழுப்பில் குறையும் கனம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு இழுப்பில் கையில் நிற்பது 10 பவுண்டுதான். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ, பட்டையை இழுக்கிறது. வெல்க்ரோ நழுவுவது அந்த உச்சத்தில்தான். நழுவுவது சில மி.மீ. என்பதால் தெரியவே தெரியாது. வியர்வையில் பட்டை ஈரமானாலும், வெல்க்ரோவின் முள் பக்கத்தில் நூலும் தூசியும் சேர்ந்தாலும் நழுவல் கூடும்.

சில மி.மீ.தானே என்று விட முடியாது. காம்பவுண்ட் வில்லில் கேம் தன் எல்லையில் முட்டி நின்றுவிடும், நாண் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பட்டை நழுவினால் நகர்வது கைதான். தாடை எலும்பின் பின்னால் உட்கார்ந்த விரல் முட்டி காதுப் பக்கம் போகிறது. பீப்பைத் தேடித் தலை சாய்கிறது. ட்ரிகரும் விரலை விட்டு முன்னே தள்ளிப்போகிறது. முதல் மடிப்பில் வளைந்து அணைத்திருந்த விரல் இப்போது நுனியால் எட்டிப் பிடிக்கிறது. நுனியால் பிடித்தால் தோளைப் பின்னிழுத்து விடுவிக்க வராது, விரலால் தட்டத்தான் வரும். அம்புகள் சிதறும். புதியவர் சைட்டைக் குறை சொல்லி அதன் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். பட்டையை யாரும் சந்தேகப்படுவதில்லை!

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். மணிக்கட்டில் கட்டியிருப்பதால் பாதி இழுப்பில் கையை விட்டுப் போகுமோ என்ற பயம் இல்லை. கையில் பிடிக்கும் கட்டைவிரல் ரிலீஸில் புதியவர்களுக்கு அந்தப் பயம் உண்டு. ட்ரிகரின் கனத்தையும் பயணத்தையும் மாற்றச் சின்ன ஆலன் சாவித் திருகுகள் இருக்கின்றன. ஆரம்பத்தில் கனமாகவே வையுங்கள். பயணத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் கொக்கி பூட்டிக்கொள்ளாது. திருகைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் கயிற்று வளையத்தில் பலமாக இழுத்துச் சோதித்த பிறகே வில்லில் மாட்டுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அதில் தூசி ஒட்டும்.

காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் சேர்ந்துவிட்டது, புதிதாகப் பலர் வருவார்கள். அவர்கள் கையில் முதலில் ஏறப்போவது பெரும்பாலும் இந்த மாதிரி மலிவு ரிலீஸ்தான். இவ்வளவு நல்ல கொக்கியைச் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டு துளையும் ஒரு பக்கிளும் வைக்காமல் விட்டது எரிச்சலைத் தருகிறது.

ஆகவே, கொக்கிக்கு முழு மதிப்பெண். ஆனாலும் இந்த விலைக்குக்கூட வெல்க்ரோ மாடலை வாங்காதீர்கள். பெல்ட் போலத் துளையில் மாட்டும் பக்கிள் பட்டை உள்ளதைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள், எப்போது கட்டினாலும் அதே இறுக்கம் வரும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சரியான இறுக்கத்தில் பட்டை முடியும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் அந்தக் கோட்டைப் பார்த்துக் கட்டுங்கள், வெல்க்ரோவில் சிக்கிய நூலை ஊசியால் எடுத்துவிடுங்கள். பட்டையைத் தனியாக மாற்றலாம் என்றால், ரிலீஸ் தலை பட்டையோடு சேர்வது திருகிலா, நாடாவிலா என்று பார்த்துவிட்டுப் புதுப் பட்டைக்குப் பணம் கொடுங்கள்.